சவுண்ட் சர்வீஸ் கம்ப்யூட்டருக்கு எந்தப் பாட்டு பிளேயர்? போடும் விதமும் கழற்றும் விதமும்

ஒரே கம்ப்யூட்டரில் மூன்று பாட்டு பிளேயர் இருந்தால், எம்பி3 ஃபைலை டபுள் கிளிக் செய்யும்போது எது திறக்கும் என்று ஓனருக்கே தெரியாது. தண்டையார்பேட்டை சவுண்ட் சர்வீஸ் கடையோ, எம்.சி. ரோடு துணிக்கடையோ, வியாசர்பாடி டெய்லர் கடையோ, பாட்டு ஓடும் மெஷின் பெரும்பாலும் ஒரே ரகம்தான்: ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் எடுத்த டெஸ்க்டாப், 4 ஜிபி ராம், சுழலும் ஹார்டு டிஸ்க். விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் போகிற போக்கில் ரெண்டு பிளேயர் ஏத்தியிருப்பார். கடைப் பையன் தனக்குப் பிடித்ததை ஒன்று போட்டிருப்பான். வீட்டில் யாரோ ஐபோன் வாங்கியதும் ஐடியூன்ஸ் வந்திருக்கும். வந்தது எதையும் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த மெஷினுக்கான விமர்சனம் இது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்கிறவர்களுக்கான ஒலித்தர ஆராய்ச்சி இதில் கிடையாது. ஈக்வலைசர், எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் கீழே வரும் பிளேயர்கள் எல்லாமே ஒரே எம்பி3-யை ஒரே மாதிரிதான் பாடும். வித்தியாசம் இருப்பது வேறு இடத்தில். தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே காட்டுகிறதா, கரண்ட் போய் வந்தால் லிஸ்ட் அப்படியே இருக்கிறதா, விழா நடுவில் மானத்தை வாங்குமா, வேண்டாம் என்று கழற்றினால் முழுசாகப் போகிறதா. பார்க்க வேண்டியது இந்த நாலும்தான்.

காசு பற்றிப் பேச்சே வேண்டாம். இங்கே சொல்லும் எல்லாமே இலவசம். அதனால் ‘ஃபுல் வெர்ஷன்’, ‘கிராக்’ என்று யாராவது பென்டிரைவ் நீட்டினால் அதில் இருப்பது பிளேயராக இருக்காது.

இறக்கும்போதே பாதி வேலை

தேடுபொறியில் பிளேயரின் பெயரைப் போட்டால் மேலே வரும் முடிவு பல நேரம் விளம்பரம். அந்தத் தளத்திலும் பச்சை நிறத்தில் பெரிசாக ‘டவுன்லோடு’ என்று நாலு பட்டன் இருக்கும். நாலில் மூன்று வேறு எதற்கோ. பிளேயரை எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். விஎல்சி என்றால் இறக்கிய ஃபைலில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ தாவல். அங்கே வீடியோலேன் என்ற பெயர் இருக்க வேண்டும். அந்தத் தாவலே இல்லையென்றால் அந்த ஃபைலைத் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

அடுத்து, 32 பிட்டா 64 பிட்டா. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் ‘சிஸ்டம் டைப்’ வரியில் இருக்கும். 64 பிட் இன்ஸ்டாலரை 32 பிட் விண்டோஸில் போட்டால் ஓடாது. மாற்றிப் போட்டால் ஓடும், அதனால் பெரிய நஷ்டமும் இல்லை.

இன்ஸ்டால் செய்யும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்’ என்று அடிக்கிற பழக்கம்தான் பிற்பாடு வரும் தலைவலியில் பெரும்பகுதிக்குக் காரணம். எந்த ஃபைல் வகைகளை இந்த பிளேயர் எடுத்துக்கொள்ளட்டும், விண்டோஸ் ஆரம்பிக்கும்போதே ஓடட்டுமா, ரைட் கிளிக் மெனுவில் தன் பெயரைச் சேர்க்கட்டுமா என்று மூன்று கேள்வி நடுவில் ஒளிந்திருக்கும். கடை மெஷினில் மூன்றுக்கும் ‘வேண்டாம்’ என்றே வைத்துவிடலாம். ஃபைல் வகையை அப்புறம் நாமே கையால் ஒதுக்கிக்கொள்ளலாம்.

விஎல்சி: எல்லாருக்கும் தெரிந்தது, ஒரு குறையோடு

ஆரஞ்சு கூம்புப் படம் போட்ட இந்த பிளேயர் 1996-ல் பிரான்ஸில் ஒரு கல்லூரி மாணவர் திட்டமாக ஆரம்பித்தது; 2001 முதல் திறந்த மூல மென்பொருள். எதைக் கொடுத்தாலும் ஓட்டும். கானா பாடுகிறவர் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ட்ராக், மொபைலில் பதிந்த பேச்சு, கல்யாண வீடியோவிலிருந்து பிரித்த சத்தம், எதுவானாலும் தனியாக ‘கோடெக் பேக்’ என்று ஒன்றும் போடத் தேவையில்லை. தேவையான டீகோடர் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. விஎல்சி இருக்கும் மெஷினில் கோடெக் பேக் ஏத்துவது வீண் வேலை.

குறை என்ன? விண்டோஸில் போட்ட மாத்திரத்தில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு ஃபைலை டபுள் கிளிக் செய்தால் இரண்டாவது விஎல்சி திறந்து, ரெண்டு பாட்டும் சேர்ந்து பாடும். வீட்டில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். கோயில் வாசலில் ஆயிரம் வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரில் அம்மன் பாட்டும் குத்துப் பாட்டும் ஒன்றாக வந்தால் தலைவர் ஓடி வருவார். சரி செய்வது சுலபம். ‘டூல்ஸ்’ மெனுவில் ‘பிரிஃபரன்சஸ்’. முதல் பக்கமான ‘இன்டர்ஃபேஸ்’ பக்கத்தில் கொஞ்சம் கீழே ‘அலவ் ஒன்லி ஒன் இன்ஸ்டன்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யுங்கள். டிக் செய்ததும் அதன் கீழே இருக்கும் ‘என்க்யூ’ என்று ஆரம்பிக்கும் கட்டத்தையும் டிக் செய்தால், புதிதாகத் தட்டும் பாட்டு ஓடுவதை வெட்டாமல் வரிசையில் போய் நிற்கும். ‘சேவ்’ கொடுத்து, விஎல்சியை மூடித் திறந்தால்தான் வேலை செய்யும். இதை இன்ஸ்டால் செய்த அன்றே செய்யாதவர்கள் விழா அன்று செய்கிறார்கள்.

அடுத்தது வால்யூம். விஎல்சியின் வால்யூம் பட்டை நூறில் நிற்காமல் 125 சதவீதம் வரை போகும். நூறுக்கு மேல் ஏறும்போது அது சாஃப்ட்வேரில் அலையைப் பெரிதாக்குகிறது. ஏற்கெனவே சத்தமாகப் பதிந்த பாட்டில் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, ‘கரகர’ என்று வரும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து கோன் மாற்றப் போவதற்கு முன் இந்தப் பட்டையைப் பாருங்கள். நூறில் வைத்துவிட்டு மீதியை மிக்ஸரில் ஏற்றுவதுதான் முறை.

மூடினால் விஎல்சி லிஸ்ட்டை மறந்துவிடும். கரண்ட் போனாலும் அதே கதைதான். கண்ட்ரோலும் ஒய்யும் சேர்த்து அழுத்தி பிளேலிஸ்ட்டைச் சேமிக்கும் பழக்கம் கைக்கு வர வேண்டும். நூறு பாட்டின் டேகை, அதாவது ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும் பாட்டுப் பெயர், பாடகர், ஆல்பம் விவரத்தை, ஒரே அடியில் திருத்தவும் இதில் வழியில்லை; ஒவ்வொன்றாகத்தான். சுருக்கமாகச் சொன்னால், எல்லா மெஷினிலும் ஒரு விஎல்சி இருக்கட்டும், ஆனால் செட் போடும் ஆளுக்கு அது மட்டும் போதாது.

ஃபூபார்2000: அழகில்லை, நம்பலாம்

2002-ல் வந்தது. இன்ஸ்டாலர் 10 எம்பிகூட வராது. முதல் முறை திறந்தால் வெள்ளைக் கட்டமும் கணக்குப்பிள்ளை நோட்டு மாதிரி வரிகளும்தான். பார்த்தவுடன் மூடிவிட்டவர்கள் நிறையப் பேர். அவசரப்பட்டுவிட்டார்கள். பழைய டெஸ்க்டாப்பில் ஆயிரக்கணக்கில் பாட்டு வைத்திருக்கும் ஆளுக்கு விண்டோஸில் இதைவிடப் பொருத்தமானது இல்லை.

இன்ஸ்டால் செய்யும்போது ‘ஸ்டாண்டர்டு’, ‘போர்ட்டபிள்’ என்று ரெண்டு வகை கேட்கும். சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு போர்ட்டபிள் எடுக்கலாம். இதில் பிளேயர், அதன் செட்டிங்ஸ், பிளேலிஸ்ட் எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் அடங்கிவிடும். அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவுக்குக் காப்பி செய்து வேறு கம்ப்யூட்டரில் செருகினால் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். மெயின் மெஷின் விழா நடுவில் படுத்துவிட்டால் பக்கத்து வீட்டு லேப்டாப்பில் அஞ்சு நிமிஷத்தில் எழுந்துகொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: போர்ட்டபிளை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் போடாதீர்கள். அங்கே எழுத சாதாரண யூசருக்கு அனுமதி கிடையாது; செட்டிங்ஸ் சேமிக்க முடியாமல் தினமும் புதிதாகப் போட்டது போலவே திறக்கும். பாட்டு இருக்கும் டிரைவிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள்.

2023-ல் வந்த 2.0 பதிப்பு முதல் 64 பிட்டும் இருட்டுத் தோற்றமும் உண்டு. பழைய பதிப்பில் சேர்த்து வைத்திருந்த கூடுதல் காம்பொனென்ட்கள் பல 32 பிட்டுக்கு மட்டும் எழுதியவை. அவை 64 பிட் ஃபூபாரில் ஏறாது. அப்படி ஒன்றை விட முடியாது என்றால் 32 பிட் பதிப்பையே போடுங்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் இன்னும் ஓட்டுகிறவர்களுக்கு 1.6 வரிசைதான், 2.0-வுக்குக் குறைந்தது விண்டோஸ் 7 வேண்டும்.

செட்காரர்கள் இதை விரும்பக் காரணம் ரெண்டு சின்ன விஷயம். ‘பிளேபேக்’ மெனுவில் ‘ஸ்டாப் ஆஃப்டர் கரண்ட்’ என்று ஒன்று. அதைத் தட்டிவைத்தால் ஓடும் பாட்டு முடிந்ததும் நின்றுவிடும். மைக்கில் நன்கொடையாளர் பெயர் வாசிக்கும்போது அடுத்த பாட்டு மேலே வந்து விழாது. இன்னொன்று வரிசை. எந்தப் பாட்டிலும் ரைட் கிளிக் செய்து ‘பிளேபேக் க்யூ’வில் சேர்த்தால், லிஸ்ட் எங்கே ஓடிக்கொண்டிருந்தாலும் அது அடுத்ததாக வரும், முடிந்ததும் லிஸ்ட் பாட்டுக்குப் பாட்டு தொடரும். ‘அண்ணா, அந்தப் பாட்டு போடுண்ணா’ என்று ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தன் வந்து நிற்கிற வேலையில் இந்த வசதியின் அருமை தெரியும். லிஸ்ட்டையும் தானே சேமித்துக்கொள்கிறது.

சத்தம் ஏறி இறங்கும் தொல்லைக்கும் இதில் மருந்து உண்டு. கேசட்டிலிருந்து பதிந்த பழைய பாட்டு மெதுவாக வரும், அடுத்து வரும் புதுப் பாட்டு காதைப் பிளக்கும். மிக்ஸரில் கையை எடுக்கவே முடியாது. எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், ‘ரீப்ளேகெயின்’, அதில் ஒவ்வொரு ஃபைலையும் தனி ட்ராக்காக அளக்கும் வகையைக் கொடுங்கள். ஆயிரம் பாட்டு என்றால் நேரம் பிடிக்கும். முந்தைய நாள் ராத்திரி விட்டுவிடலாம். அளந்த எண்ணை டேகில் எழுதுமே தவிர, பாட்டின் ஒலியில் கை வைக்காது. அளந்தால் மட்டும் போதாது. பிரிஃபரன்சஸ், பிளேபேக் பகுதியில் ரீப்ளேகெயின் மோடை ‘ட்ராக்’ என்று வைத்து, உச்சி வெட்டுப்படாமல் தடுக்கும் தேர்வையும் போட வேண்டும். இந்த ரெண்டாவது படியை விட்டுவிட்டு ‘ஒண்ணும் மாறலையே’ என்பவர்கள் அதிகம்.

சில பழைய ஆம்ப்ளிஃபையர்களில் ஒரே ஒரு இன்புட். கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஸ்டீரியோ வயரில் இடது பக்கத்தை மட்டும் அதில் செருகிவிடுவார்கள். வயலின் ஒரு பக்கமும் தபேலா மறுபக்கமும் பிரித்துப் பதிந்த பாட்டில் பாதி வாத்தியம் காணாமல் போவது அதனால்தான். ஃபூபாரில் ‘டிஎஸ்பி மேனேஜர்’ போய் ‘டவுன்மிக்ஸ் சேனல்ஸ் டு மோனோ’வைச் சேர்த்தால் ரெண்டு பக்கமும் கலந்து ஒரே வயரில் வரும். விண்டோஸ் 10, 11 செட்டிங்ஸிலேயே ‘மோனோ ஆடியோ’ என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் எந்த பிளேயருக்கும் பொருந்தும்.

சிடியை எம்பி3 ஆக மாற்ற மட்டும் தனியாக ‘ஃப்ரீ என்கோடர் பேக்’ ஒன்றை அதே தளத்தில் எடுத்துப் போட வேண்டும். வீடியோ இதில் ஓடாது.

மற்றவை, சுருக்கமாக

எய்ம்ப் ரஷ்யாவிலிருந்து வருவது. பளபளப்பு வேண்டும், ஃபூபாரின் வெறுமை பிடிக்காது என்பவர்களுக்கு நல்ல தேர்வு. போர்ட்டபிள் வகை, டேக் திருத்தி, கன்வெர்ட்டர் எல்லாம் உள்ளேயே உண்டு. இதிலிருக்கும் ஷெட்யூலரால் குறித்த நேரத்தில் பாட்டை நிறுத்தலாம், கம்ப்யூட்டரையும் அணைக்கலாம். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, 9.55-க்கு வைத்துவிட்டால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டினால் சில அமைப்பில் முழுசாக மூடாமல் கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். கழற்றும்போது இது குறுக்கே வரும்.

வினாம்ப் 1997-ல் வந்தது. பிரவுசிங் சென்டர் காலத்து ஆட்களுக்கு இது ஒரு பாசம். 2013-ல் மூடப்போவதாக அறிவித்தார்கள், அடுத்த ஆண்டு கை மாறியது, 2022-ல் 5.9 பதிப்பு வந்தது. இன்றும் நன்றாக ஓடுகிறது. ஆனால் பழைய கிளாசிக் ஸ்கின்னில் பாட்டுப் பெயர் ஓடும் அந்தக் குட்டி எழுத்து, ஒரு படத்திலிருந்து வெட்டி ஒட்டும் ஆங்கில எழுத்து. தமிழ் அதில் வரவே வராது. ஸ்கின் அமைப்புகளில் ‘பிட்மேப் ஃபான்ட்’ பயன்படுத்தும் டிக்கை எடுத்துவிட்டால்தான் தமிழ் தெரியும். பாசத்துக்குப் போடலாம், பிழைப்புக்கு வேண்டாம்.

மியூசிக்பீ வீட்டுக்கானது. ஆல்பம் படம், ஆண்டு, இசையமைப்பாளர் என்று அடுக்கி வைக்கிற குணம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம். அதன் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் வசதியை மட்டும் யோசித்துத் தொடுங்கள். டேகைப் பார்த்து ஃபைலின் பெயரையும் ஃபோல்டரையும் மாற்றி நிஜமாகவே இடம் பெயர்த்துவிடும். டேகில் பாட்டுத் தளத்தின் விளம்பரம் இருந்தால் ஃபோல்டர் பெயரே விளம்பரமாகிவிடும். முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸில் பல புரோகிராம்கள் அந்த ஃபைலைத் திறக்க மறுக்கும். முதலில் பத்து பாட்டில் முயன்று பார்த்துவிட்டு மிச்சத்துக்குப் போங்கள்.

ஐடியூன்ஸ் ஐபோனுக்குப் பாட்டு ஏத்த வேண்டும் என்றால் மட்டும். வெறும் எம்பி3 கேட்க 200 எம்பி அளவுக்கு இறக்கி, பின்னணியில் நாலு துணைப் புரோகிராமையும் ஓடவிடுவது 4 ஜிபி மெஷினுக்குத் தண்டனை.

தமிழ்ப் பெயர் உடைவது ஏன்

உடைந்த விதத்தைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்து சரியாகவே இருக்கிறது, ஃபான்ட் இல்லை என்று அர்த்தம். விண்டோஸ் 8 முதல் தமிழ் காட்டும் நிர்மலா யூஐ ஃபான்ட் கூடவே வருகிறது. பழைய லதா ஃபான்ட் மட்டும்தான் வேண்டும் என்றால் விண்டோஸ் 10-ல் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ போய் தமிழ் துணை ஃபான்ட்களைச் சேர்க்க வேண்டும். தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக நீளமாக ஓடினால், எல்லா மொழியையும் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் இருக்கும் எழுத்தை பிளேயர் பழைய முறையில் படிக்கிறது. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால் ஒரு எழுத்து மூன்று குப்பையாகத் தெரியும். தகவல் உள்ளே பத்திரமாகவே இருக்கும். வரிசையாகக் கேள்விக்குறி என்றால்தான் ஆபத்து. சேமிக்கும்போதே தமிழ் தொலைந்துவிட்டது, திரும்ப வராது.

இந்தக் கேள்விக்குறி பெரும்பாலும் எம்3யூ பிளேலிஸ்ட்டில்தான் வரும். அந்தப் பழைய வடிவத்தைப் பல பிளேயர்கள் யூடிஎஃப்-8 முறையில் எழுதாது. சேமிக்கும்போது வகையில் எம்3யூ8 என்று எட்டு சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்; அதில் யூடிஎஃப்-8 தான் எழுதும், தமிழ் அப்படியே நிற்கும். ரெண்டுமே வெறும் எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரு பாட்டின் பாதை இருக்கும். போன வாரம் ஈ டிரைவாக இருந்த பென்டிரைவ் இந்த வாரம் எஃப் ஆகி லிஸ்ட் முழுக்கச் சிவந்து நின்றால், நோட்பேடின் ‘ரீப்ளேஸ்’ கொண்டு ஒரே அடியில் மாற்றிவிடலாம். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் அந்த பென்டிரைவுக்கு எஸ் மாதிரி தூரத்து எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் அந்த மெஷினில் மறுபடி மாறாது.

கழற்றுவது

எல்லாரும் கேட்பது: பிளேயரை எடுத்தால் பாட்டு போய்விடுமா? போகாது. அன்இன்ஸ்டால் செய்தால் போவது புரோகிராம்தான். பாட்டு ஃபோல்டரில் கை வைக்காது. பாட்டைத் தொலைக்கிறவர்கள், அன்இன்ஸ்டால் முடிந்தபின் ‘மிச்சத்தைச் சுத்தம் செய்கிறேன்’ என்று மியூசிக் ஃபோல்டருக்குள் இருக்கும் ஐடியூன்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து அழிக்கிறவர்கள்தான். பாட்டு அதற்குள்தான் இருக்கும்.

பிளேலிஸ்ட்களை முதலில் எம்3யூ8 ஆக வெளியே எடுத்து வையுங்கள். பிறகு பிளேயரை மூடுங்கள், கடிகாரத்துக்குப் பக்கத்து அம்புக்குறியைத் தட்டி அங்கே ஒளிந்திருந்தால் ரைட் கிளிக் செய்து ‘எக்ஸிட்’ கொடுங்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், ஆப்ஸ், ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’. பழையதில் கண்ட்ரோல் பேனல், ‘புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்’. ‘ஃபைல் இன் யூஸ்’ என்று முரண்டு பிடித்தால் பெரும்பாலும் ரைட் கிளிக் மெனுவில் அந்த பிளேயர் சேர்த்த துண்டை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் பிடித்துக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ வரியில் ரைட் கிளிக் செய்து ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் விட்டுவிடும்.

அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டும் பழைய கோளாறே வருகிறதே என்று பலர் தலையைச் சொறிவார்கள். செட்டிங்ஸ் வேறு இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். விண்டோஸ் கீயும் ஆர் கீயும் அழுத்தி, வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல், முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு எழுதி என்டர் தட்டுங்கள். விஎல்சி, எய்ம்ப், வினாம்ப், மியூசிக்பீ, ஸ்டாண்டர்டாகப் போட்ட ஃபூபார் எல்லாம் தங்கள் பெயரில் ஒரு ஃபோல்டரை அங்கே வைத்திருக்கும். நீங்கள் கழற்றிய பிளேயரின் ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். விஎல்சிக்கு இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பிரிஃபரன்சஸ் பக்கத்தின் அடியில் ‘ரீசெட் பிரிஃபரன்சஸ்’ பட்டன் இருக்கிறது. போர்ட்டபிள் ஃபூபார் என்றால் கழற்றுவது என்ற வேலையே இல்லை: ஃபோல்டரை டெலீட் செய்தால் முடிந்தது.

சிலர் அன்இன்ஸ்டால் செய்யாமல் புரோகிராம் ஃபைல்ஸில் போய் ஃபோல்டரை நேரடியாக அழித்துவிடுவார்கள். லிஸ்ட்டில் பெயர் நிற்கும், எடுக்கப் போனால் அன்இன்ஸ்டாலரைக் காணோம் என்று சொல்லும். அதே பிளேயரை அதே இடத்தில் மறுபடி இன்ஸ்டால் செய்து, பிறகு ஒழுங்காகக் கழற்றினால் போய்விடும். இதற்காக ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று ஏதாவது போட்டால், அப்புறம் அதைக் கழற்றுவது எப்படி என்று தேட வேண்டியிருக்கும்.

ஐடியூன்ஸுக்கு மட்டும் வரிசை உண்டு. ஆப்பிள் சொல்லும் முறை இது: முதலில் ஐடியூன்ஸ், அடுத்து ஆப்பிள் சாஃப்ட்வேர் அப்டேட், ஆப்பிள் மொபைல் டிவைஸ் சப்போர்ட், போன்ஜூர், கடைசியில் ஆப்பிள் அப்ளிகேஷன் சப்போர்ட் 32 பிட்டும் 64 பிட்டும். லிஸ்ட்டில் இவை எல்லாம் இருக்க வேண்டும் என்று இல்லை. இருப்பதை இந்த வரிசையில் எடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து போட்ட ஐடியூன்ஸ் என்றால் ஒரே அடியில் போய்விடும்.

கழற்றியபின் எம்பி3 ஐகான் வெள்ளைத் தாளாக மாறினால் பயப்பட வேண்டாம், அந்த வகைக்கு ஓனர் இல்லாமல் போயிருக்கிறார், அவ்வளவுதான். ஒரு பாட்டில் ரைட் கிளிக், ‘ஓபன் வித்’, வேண்டிய பிளேயர், ‘ஆல்வேஸ்’. எம்4ஏ, டபிள்யூஎம்ஏ, ஃப்ளாக் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு தரம் செய்ய வேண்டும். விண்டோஸ் 10 முதல் எந்த பிளேயராலும் நம்மைக் கேட்காமல் இதைப் பறிக்க முடியாது.

உபுண்டு மாதிரி லினக்ஸ் போட்ட மெஷினில் ‘ரிமூவ்’ கொடுத்தால் புரோகிராம் போகும், சிஸ்டம் அளவிலான செட்டிங்ஸ் நிற்கும். ‘பர்ஜ்’ கொடுத்தால் அதுவும் போகும். ரெண்டுமே ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் சொந்த செட்டிங்ஸைத் தொடாது. அதைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

செட் எடுத்துப் போகும் முன்

பிளேயர் சரியாக இருந்தும் விழாவில் சொதப்புவது வேறு சில இடங்களில். கண்ட்ரோல் பேனல், ‘சவுண்ட்’, ‘சவுண்ட்ஸ்’ தாவலில் ஸ்கீமை ‘நோ சவுண்ட்ஸ்’ என்று மாற்றுங்கள். இல்லையென்றால் பென்டிரைவ் செருகும் ‘டிங்’ ஓசை கூழ் ஊற்றுகிற இடத்தில் தெருமுனை வரை கேட்கும். பவர் அமைப்பில் ‘ஸ்லீப்’பை ‘நெவர்’ ஆக்குங்கள். விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். நெட் வயரைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது.

ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் வயரைக் கேபினட்டின் முன்பக்கத்தில் செருகாதீர்கள். அங்கிருந்து போர்டு வரை உள்ளே ஓடும் மெல்லிய வயர், ஃபேன், ஹார்டு டிஸ்க் இரைச்சலை எல்லாம் வழியில் பொறுக்கிக்கொண்டு வரும். பின்பக்கத்துப் பச்சை ஓட்டைதான் சரி. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் அந்த ஓட்டையும் சீக்கிரம் பாசி பிடித்த மாதிரி ஆகும். ஜாக்கைத் திருகும்போது ஒரு பக்கம் சத்தம் போய்ப் போய் வந்தால் காண்டாக்ட் கிளீனர் ஒரு அடி அடித்து, பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிப் போட்டு, பிளேயரின் அவுட்புட் பகுதியில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபூபாரில் அந்தப் பெயர் ரெண்டு தடவை வரும். ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்று போட்டிருப்பதை எடுத்தால் பாட்டு ஓடும்வரை வேறு எந்தப் புரோகிராமின் சத்தமும் அந்த வழியில் நுழையாது.